ரீமேப் பண்ணலாமா? வண்டியின் இழுவை, மைலேஜ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் டீசல் பம்ப், டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஆகியவற்றின் வேலையில்தான் தொழிலுக்கு வந்தேன். இப்போது பாதி நாள் ஸ்பேனருக்குப் பதில் லேப்டாப்போடு வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறேன். பட்டறைக்கு வருகிறவர்கள், போனில் பேசுகிறவர்கள், டீக்கடையில் பிடித்துக்கொள்கிறவர்கள் என்று எல்லாரும் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள். அவரவர் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். நானே ரீமேப் செய்துகொடுக்கிறவன்தான். ஆனாலும் வருகிறவர்களில் கணிசமான பேரை "இப்போதைக்கு வேண்டாம்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஏன் என்பது படித்தால் தெரியும்.

"ரீமேப், சிப் ட்யூனிங்னு சொல்றாங்களே, இன்ஜினைப் பிரிச்சுப் பண்ற வேலையா அண்ணே?"

இல்லை தம்பி. பிஸ்டனையோ வால்வையோ யாரும் தொடுவதில்லை. இன்றைய வண்டிகளில் இசியூ என்று ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. நீங்கள் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள், இன்ஜின் எத்தனை சுற்றில் ஓடுகிறது, உள்ளே வரும் காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து, எவ்வளவு டீசல் பாய்ச்ச வேண்டும், எந்தக் கணத்தில் பாய்ச்ச வேண்டும், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்று அதுதான் முடிவு செய்கிறது. அதற்கு அது பார்ப்பது நம் வாய்ப்பாடு மாதிரி வரிசை வரிசையான எண்கள். அந்த எண் கட்டங்களுக்குத்தான் 'மேப்' என்று பெயர். அவற்றை மாற்றி எழுதுவது ரீமேப்.

பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட் (ஸ்கேனர் சொருகும் இடம்) வழியாகவே இது முடிந்துவிடும். சிலவற்றில் இசியூவைக் கழற்றி மேசையில் வைத்துச் செய்ய வேண்டியிருக்கும். முன்பெல்லாம் உள்ளே இருக்கும் சிப்பையே பிடுங்கி வேறு சிப் வைத்தார்கள். 'சிப் ட்யூனிங்' என்ற பேச்சு அதில் வந்தது.

"கம்பெனிக்காரனே முழு பவரையும் கொடுத்திருக்கலாமே, ஏன் விட்டுவைக்கிறான்?"

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கம்பெனி ஒரு வண்டியை எல்லாருக்குமாகச் செய்கிறது. மே மாத வெயிலில் வேலூரில் ஓடுகிறவருக்கும், அதே மாடலை லடாக் குளிரில் ஓட்டுகிறவருக்கும், மட்டமான எரிபொருள் கிடைக்கும் ஊர்க்காரருக்கும், ஆயில் மாற்றுவதை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவருக்கும், ஏழு பேரை ஏற்றி மலை ஏறுகிறவருக்கும் ஒரே எண்கள்தான். இத்தனைக்கும் பிறகு வாரண்டி காலம் முழுக்கப் பழுதில்லாமல் ஓட வேண்டும், மாசு விதியிலும் தேற வேண்டும். அதற்காக விட்டுவைத்த இடம்தான் அது. நான் அதை 'மிச்சம்' என்று சொல்வேன். ரீமேப் என்பது அந்த மிச்சத்தில் கொஞ்சத்தை எடுத்துச் செலவழிப்பது. ஒழுங்காக ஆயில் மாற்றி, நல்ல இடத்தில் எரிபொருள் போட்டு, அளவோடு சுமை ஏற்றுகிறவருக்கு அந்த மிச்சம் முழுவதும் தேவைப்படாது. மற்றவர்களுக்குத் தேவைப்படும்.

"ஒரே இன்ஜின்தான், சாஃப்ட்வேரில் பூட்டி வைத்திருக்கிறான்" என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். ஃபியட்டிலிருந்து வந்த 1248 சிசி டீசல் இன்ஜின் ஸ்விஃப்டில் 75 குதிரைத்திறன், சியாஸில் 90. வித்தியாசம் வெறும் எண்களில் இல்லை. 75-இல் இருப்பது இறக்கைகள் அசையாத டர்போ. 90-இல் இருப்பது சுற்றுக்கு ஏற்றபடி இறக்கைக் கோணம் மாறும் டர்போ. இரும்பே வேறு.

"என் வண்டிக்கு எவ்வளவு ஏறும்?"

டர்போ இருக்கிறதா இல்லையா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. டர்போ டீசலில் மற்ற எதையும் மாற்றாமல், எண்களை மட்டும் மாற்றும் 'ஸ்டேஜ் 1' வேலையில் 15 முதல் 30 சதவீதம் வரை இழுவை கூடுவதைப் பார்க்கலாம். டர்போ பெட்ரோலிலும் நல்ல மாற்றம் தெரியும். டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் காரில் இன்ஜின் தானாக எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவுதான். காற்றைக் கூட்ட வழியில்லாதபோது எண்களை மாற்றி என்ன செய்வது? சில சதவீதம் கிடைக்கும், ஆக்ஸிலேட்டர் சுறுசுறுப்பாகத் தெரியும், அவ்வளவே. பழைய ஆல்ட்டோ, சான்ட்ரோக்காரர்களிடம் அந்தப் பணத்துக்கு நாலு நல்ல டயர் வாங்கச் சொல்லிவிடுவேன்.

இன்னொன்று. விளம்பரத்தில் வரும் குதிரைத்திறன் எண்ணைவிட நீங்கள் தினமும் உணர்வது நியூட்டன் மீட்டரில் சொல்லும் முறுக்குவிசையைத்தான். முறுக்குவிசையை இன்ஜின் சுற்றால் பெருக்கி 7,023 ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வரும். அதே ஸ்விஃப்ட் டீசலில் 2,000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர் என்றால் அந்த இடத்தில் கிடைப்பது 54 குதிரைத்திறன். 75 என்பது 4,000 சுற்றில் கிடைப்பது. ஊருக்குள் 4,000 சுற்றுக்கு யார் போகிறார்கள்? அதனால் ட்யூனரிடம் "உச்சத்தில் எவ்வளவு" என்று கேட்காமல் "1,800-லிருந்து 2,500 வரை எப்படி இருக்கும்" என்று கேளுங்கள்.

"ரீமேப் பண்ணா மைலேஜ் கூடுமா குறையுமா? ஆளுக்கொன்னு சொல்றாங்க."

ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இழுவை கூடிய டீசல் வண்டியில் மேட்டில் கியர் குறைக்காமலே போகலாம், ஓவர்டேக்குக்குக் குறைவாக மிதித்தால் போதும். முன்பு ஓட்டிய மாதிரியே ஓட்டினால் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் புது இழுவை வந்ததும் முதல் மாதம் யாரும் பழைய மாதிரி ஓட்டுவதில்லை. அதிக பவர் என்பது அதிக டீசல் எரிவதுதான். காலை அழுத்தினால் டேங்க் காட்டிவிடும்.

டீசலில் நிஜமாகவே மைலேஜ் ஏற ஒரு வழி உண்டு. டீசல் பாயும் நேரத்தைச் சற்று முன்னே தள்ளினால் அதே டீசலில் கொஞ்சம் கூடுதல் வேலை வாங்கலாம். கம்பெனி ஏன் தள்ளவில்லை? முன்னே தள்ளினால் சிலிண்டருக்குள் வெப்பம் கூடி நைட்ரஜன் ஆக்சைடு அதிகமாகும். விதிக்கு உட்பட வேண்டும் என்பதற்காகக் கம்பெனி கொஞ்சம் மைலேஜை விட்டுக்கொடுத்திருக்கிறது. இதைச் சொல்லாமல் "மைலேஜ் மேப்" விற்பது சரியில்லை என்பது என் கருத்து. கிடைக்கும் அந்தச் சிறு லாபத்துக்கான விலையைத் தெருவில் நடக்கிறவர் மூச்சில் கொடுக்கிறார்.

பெட்ரோலில் கதையே வேறு. சீராகப் போகும்போது சைலன்சரில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து இசியூ காற்றையும் பெட்ரோலையும் சரியான விகிதத்தில் பிடித்து வைத்திருக்கும். கலப்பில்லாத பெட்ரோலுக்கு அது 14.7-க்கு 1. இந்த விகிதம் நகர்ந்தால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யாது. ஆகவே பைபாஸில் 80-இல் போகும்போது மிச்சம் பிடிக்க அங்கே பெரிதாக எதுவும் இல்லை. பெட்ரோல் காருக்கு "25 சதவீதம் மைலேஜ்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

"செலவழிச்ச காசு மைலேஜ்லயே திரும்பிடுமா சார்?"

கணக்குப் போடலாம். வேலைக்கு 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்த கார் 19 கொடுக்கிறது, வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுகிறது. மிச்சமாவது ஏறக்குறைய 44 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் நாலாயிரத்துச் சொச்சம். போட்ட காசு திரும்ப ஆறு வருடம் ஆகும். மைலேஜுக்காக மட்டும் ரீமேப் செய்ய வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். ஓட்டும் சுகத்துக்காகச் செய்யுங்கள், மைலேஜ் வந்தால் வரட்டும்.

"மைலேஜ் ஏறிடுச்சா இல்லையான்னு சரியா எப்படிப் பார்க்கிறது?"

மீட்டரில் காட்டும் எண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். அது இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதிலிருந்து இசியூ போடும் கணக்கு. ட்யூனிங் பாக்ஸ் போட்ட வண்டியில் அந்தக் கணக்கே தப்பாகப் போகும், அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே பங்கில், முடிந்தால் அதே பம்பில் நிரப்பிப் பார்ப்பதுதான் வழி.

அதிலும் ஒரு டேங்க் போதாது. 612 கிலோமீட்டர் ஓடி 31.4 லிட்டர் பிடித்தால் 19.5. பம்ப் கொஞ்சம் முன்னதாக ஆட்டோ கட் ஆகி ஒரே ஒரு லிட்டர் குறைந்திருந்தால் அதே ஓட்டம் 20.1 என்று காட்டும். ரீமேப்பில் நீங்கள் எதிர்பார்க்கும் லாபமே அவ்வளவுதான்! ரீமேப்புக்கு முன் நாலு டேங்க், பின் நாலு டேங்க் எழுதி வைத்து, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்துப் பாருங்கள்.

"ரீமேப் எதுக்கு, சின்ன பாக்ஸ் ஒன்னு மாட்டுனா போதும்னு சொல்றாங்களே?"

ட்யூனிங் பாக்ஸில் இரண்டு வகை. மலிவான வகை, டீசல் அழுத்தத்தைச் சொல்லும் சென்சாருக்கும் இசியூவுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு பொய் சொல்லும். உண்மையில் குழாயில் 1,400 பார் இருக்கும்போது 1,250 என்று சொல்லும். இசியூ அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும், டீசல் அதிகமாகப் பாயும். இசியூவுக்கு இது தெரியாது, அதனால் அதன் பாதுகாப்புக் கணக்கும் மைலேஜ் கணக்கும் தவறிப்போகும். பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் எப்போதும் கூடுதல் சுமை. நல்ல வகை பாக்ஸ் டர்போ அழுத்தம் உட்படப் பல சென்சார்களைச் சேர்த்துப் பார்க்கும்.

பாக்ஸின் வசதி, கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும். எனக்கு ரீமேப்தான் பிடிக்கும், இசியூவுக்கு எல்லாம் தெரிந்தே நடக்கிறது என்பதால்.

"ஆன்லைன்ல 500 ரூபாய்க்கு ஓபிடி-ல சொருகுற பிளக் இருக்கே? பெட்ரோல் குழாய்ல காந்தம் கட்டலாமாமே?"

இரண்டையும் வாங்காதீர்கள். அந்தப் பிளக் ஒன்றைப் பட்டறையில் பிரித்துப் பார்த்தோம். உள்ளே மினுக்கும் மூன்று எல்.இ.டி., ஒரு சின்ன ஐசி, ஒரு பட்டன். இசியூவோடு பேசுவதற்கான வயர் எங்கும் சேரவில்லை. விளக்கு எரிவதற்கு மின்சாரம் எடுத்துக்கொள்கிறது, வேறொன்றும் செய்யவில்லை. காந்தமும் அப்படித்தான். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈ.பி.ஏ., எரிபொருள் மிச்சம் என்று விற்ற நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைச் சோதித்தோ மதிப்பிட்டோ பார்த்தது. குறிப்பிடும்படி மைலேஜ் ஏற்றிய ஒன்றும் அதில் தேறவில்லை.

"வண்டி ஒன்னே கால் லட்சம் ஓடிடுச்சு. இப்பப் பண்ணலாமா?"

ஓடிய தூரத்தைவிட இன்ஜின் இருக்கும் நிலைதான் முக்கியம். ரீமேப் என்று வரும் பழைய டீசல் கார்களில் பல, உண்மையில் ரிப்பேருக்கு வந்திருக்க வேண்டியவை. "பிக்கப் இல்லை" என்பார்கள். பார்த்தால் டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் ஒரு சின்னக் கீறல். அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கறுப்புக் கோடாகத் தெரியும். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் 'உஸ்' என்று கேட்கும். ஹோஸை மாற்றியதும் "அண்ணே, ரீமேப் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டவர்கள் உண்டு.

இன்ஜெக்டருக்கு நான் கட்டாயம் செய்வது ரிட்டர்ன் டெஸ்ட். நாலு இன்ஜெக்டரிலும் மிஞ்சும் டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாயைக் கழற்றி, நாலு சின்ன பாட்டிலில் விட்டு, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவோம். நாலிலும் டீசல் ஏறக்குறைய ஒரே அளவில் ஏற வேண்டும். மூன்று பாட்டில் அடியில் கிடக்க, ஒன்று மட்டும் பாதிக்கு மேல் ஏறினால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதன் மேல் போய் அழுத்தத்தைக் கூட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும் அளவுக்குப் போகலாம். அப்புறம் காற்று அளவிடும் சென்சார், எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விடும், கரி படிந்த ஈ.ஜி.ஆர். வால்வு, டர்போ ஷாஃப்டின் ஆட்டம், கிளட்ச். இவையெல்லாம் சரியாக இருந்தால் ஒன்றே கால் லட்சம் ஒன்றுமே இல்லை.

பிரேக்கையும் பாருங்கள். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பைபாஸில் 20 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பேடை அழுத்தும் காலிபர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வண்டிக்கு மைலேஜ் மேப் எதற்கு?

"கிளட்ச், கியர்பாக்ஸ் தாங்குமா?"

கிளட்ச்தான் முதலில் சொல்லும். என் சொந்த டீசல் காரில் நான் கற்ற பாடம் இது. புதிதாக மேப் எழுதி, ஐந்து பேரோடு சேலத்திலிருந்து தருமபுரிக்குப் போகும்போது தொப்பூர் மேட்டில் நாலாவது கியரில் முழுதாக மிதித்தேன். இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் 2,200-லிருந்து 3,000-க்குத் தாவியது, ஆனால் வேகம் ஏறவில்லை. சில நொடியில் கருகிய வாடை. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா "ஏதோ தீயுற வாடை வருதேப்பா" என்றார். பாதி தேய்ந்த கிளட்ச் பிளேட், பழைய இழுவைக்குத் தாங்கிக்கொண்டிருந்தது. கூடுதலாக வந்ததைத் தாங்க முடியாமல் வழுக்கிவிட்டது. அன்றிலிருந்து கிளட்ச் சோதிக்காமல் யார் வண்டியிலும் மேப் எழுதுவதில்லை.

ஆட்டோமேட்டிக்கில் இன்னும் கவனம் வேண்டும். ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில் இருந்த ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டி 250 நியூட்டன் மீட்டர் வரைதான் தாங்கும் என்று வடிவமைக்கப்பட்டது. இன்ஜின் ஆலையிலிருந்து கொடுப்பது 175. நடுவே இடம் இருக்கிறது, ஆனால் முடிவில்லாத இடம் இல்லை. ட்யூனர் எழுதப்போகும் எண் உங்கள் கியர்பாக்ஸின் எல்லைக்கு உள்ளே இருக்கிறதா என்று கேட்பது உங்கள் பொறுப்பு. கீழ்ச் சுற்றிலேயே மொத்த இழுவையையும் கொட்டும் மேப்தான் கியர் பல்லையும் கனெக்டிங் ராடையும் அதிகம் வதைக்கும். மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் மேப் ஓட்டவும் சுகம், இன்ஜினுக்கும் நல்லது.

"வெறும் ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மாத்துனா போதாதா?"

ஆலையிலிருந்து வரும் காகித ஃபில்டர், சுத்தமாக இருக்கும்வரை, ஸ்டேஜ் 1 அளவுக்குத் தேவையான காற்றைத் தாராளமாக விடும். நம் ஊர்த் தூசிக்கு, எண்ணெய் பூசிய துணி ஃபில்டரைவிட நேரத்துக்கு மாற்றும் காகித ஃபில்டரே எனக்கு நம்பிக்கை. துணி ஃபில்டரில் எண்ணெய் அதிகமாகப் பூசிவிட்டால் காற்று சென்சாரில் படிந்து அதுவே தனித் தொல்லை. சைலன்சரில் பெரும்பாலும் சத்தம்தான் கூடும்.

"கரும்புகை வந்தாத்தானே பவர்?"

கரும்புகை என்றால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல் எரியாமல் வெளியே போகிறது. காற்றுக்கு மேல் டீசலைக் கொட்டியிருக்கிறார்கள். எரிய வேண்டியது சிலிண்டருக்குள் எரியாமல் போகும் வழியெல்லாம் எரிந்து டர்போவைச் சுடும். கார் டர்போக்கள் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழல்பவை. அந்த வெப்பத்தில் அதன் ஆயில் கருகினால் பேரிங் போய்விடும். நல்ல மேப்பில் டர்போ காற்றைக் கொண்டுவந்த பிறகே டீசல் ஏறும். ரீமேப் முடிந்து டெஸ்ட் ஓட்டும்போது கண்ணாடியில் பின்னால் பாருங்கள். புகை தெரிந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

"ஈ.ஜி.ஆர். அடைச்சிட்டு, டி.பி.எஃப். கழட்டிட்டா வண்டி பறக்குமாமே?"

நான் செய்து தருவதில்லை, செய்யவும் சொல்ல மாட்டேன். ஈ.ஜி.ஆர். என்பது எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விட்டு எரிவெப்பத்தைக் குறைப்பது. நைட்ரஜன் ஆக்சைடு குறைவது அதனால்தான். டி.பி.எஃப். என்பது கரித்துகளைப் பிடித்து வைத்து, அவ்வப்போது 600 டிகிரிக்குப் பக்கமாகச் சூடேற்றி எரித்துவிடும் வடிகட்டி. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்ததிலிருந்து டீசல் கார்களில் இது இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய கரி அது. பள்ளிக்கூட வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும் பிள்ளைகளின் நுரையீரலுக்குள் போவது அதுதான்.

டி.பி.எஃப். அடைத்துக்கொள்கிறது என்று வருகிறவர்களின் ஓட்டும் பழக்கத்தைக் கேட்டால், தினமும் வீட்டிலிருந்து கடைக்கு மூன்று கிலோமீட்டர் என்பார்கள். சூடேறிக் கரி எரிக்க அதற்கு நேரமே கிடைக்கவில்லை. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் பைபாஸில் 2,000 சுற்றுக்கு மேல் நிறுத்தாமல் ஓட்டினால் பலருக்கு அதுவே போதும். ஓட்டமே ஊருக்குள் மட்டும்தான் என்றால் டீசல் வண்டியே உங்களுக்கு ஏற்றதில்லை.

"பெட்ரோல் டர்போ வச்சிருக்கேன். 100 ஆக்டேன் போட்டா பவர் ஏறுமா? ஈ20 பிரச்சினையா?"

ஆக்டேன் என்பது சக்தியின் அளவு இல்லை. தீப்பொறிக்கு முன்பே தானாகப் பற்றி 'நாக்' ஆகாமல் தாங்கும் குணம். மேப் அந்த ஆக்டேனுக்கு எழுதப்படாவிட்டால் சாதாரண காரில் அந்தப் பணம் வீண்தான். டர்போ காரில், வெயில் நாளில், நாக் சென்சார் அடிக்கடி தீப்பொறியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தால் உயர்ந்த ஆக்டேனில் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். உயர் ஆக்டேனுக்கென்று மேப் எழுதிக்கொண்டால், அது கிடைக்காத ஊரில் என்ன செய்வீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நம் பட்டறைக்கு வருகிறவர்களுக்குப் பக்கத்து பங்கில் கிடைக்கும் பெட்ரோலுக்கே எழுதித் தருகிறேன்.

எத்தனாலில் ஒரு லிட்டருக்கு இருக்கும் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஈ20-இல் உள்ளதுபோல் 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் ஆறு, ஏழு சதவீதம் வரை இறங்கலாம். ரீமேப்பால் அந்த இழப்பை முழுக்க மீட்க முடியாது. ஆனால் எத்தனால் 'நாக்' ஆகாமல் நன்றாகத் தாங்கும், அதனால் டர்போ இன்ஜினில் தீப்பொறியைக் கொஞ்சம் முன்னே கொண்டுவர இடம் கிடைக்கிறது. ஈ20-க்கு ஏற்றதல்ல என்று கையேட்டில் போட்டிருக்கும் பழைய வண்டிகளில் ரப்பர் குழாய், சீல்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும், மேப்பை அல்ல.

"பைக்குக்கு?"

இன்ஜெக்ஷன் பைக்கில் இசியூவுக்குப் பக்கத்தில் பொருத்தும் 'பிக்கிபேக்' பெட்டிகள் உண்டு. சைலன்சர் மாற்றிய பைக்கில் பெட்ரோல் போதாமல் திணறுவதைச் சரிசெய்ய அவை உதவும். 98 சிசி ஆர்எக்ஸ் 100-இல் காற்றும் புகையும் போய்வரும் போர்ட்டைத் தேய்த்துப் பெரிதாக்கி ரேஸ் விட்ட தலைமுறை எங்களுடையது. கையால் தேய்த்தே பவர் எடுத்தார்கள். அதில் மைலேஜ் என்ற பேச்சே இருந்ததில்லை. தினசரி வேலைக்குப் போகும் 100, 125 சிசி பைக்குக்கு ட்யூனிங் வேண்டாம். செயினுக்கு எண்ணெய், டயருக்குக் காற்று போதும்.

"லாரிக்குப் பண்ணலாமா? எங்களுக்குப் பவர் வேணாம், டீசல் மிச்சமானா போதும்."

இந்தக் கேள்வி நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்திலிருந்து தினமும் வரும். அவர்கள் கவலை நியாயமானது. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் லாரி மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடினால் 2,500 லிட்டர் டீசல். அதில் 2 சதவீதம் மிச்சம் என்றாலே மாதம் 50 லிட்டர். காருக்கு நான் மேலே போட்ட கணக்கு இங்கே தலைகீழ்.

அந்தக் காலத்தில் டீசல் லேபில் பம்பை பெஞ்சில் ஏற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் சொட்டு அளந்து சரிசெய்வோம். மேடு ஏற வேண்டும் என்று சிலர் ஸ்க்ரூவைத் திருகி டீசலை ஏற்றிக்கொண்டு கரும்புகையோடு போவார்கள். இன்று அதே வேலை மேப்பில் நடக்கிறது, அதே தவறும் நடக்கிறது. லாரிக்கு நான் சொல்வது வேகத்தை முதலில் பாருங்கள் என்பதுதான். 60-இல் போகும் லாரி 75-இல் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும். டயர் காற்று, வீல் அலைன்மென்ட், தார்ப்பாய் படபடக்காமல் கட்டுவது, நின்ற இடத்தில் இன்ஜினை அணைப்பது. இதையெல்லாம் செய்து இரண்டு மாதம் கணக்கு எழுதிக்கொண்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்பேன். பாதிப் பேருக்கு அதற்குப் பிறகு மேப்பே தேவைப்படுவதில்லை. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியா கரைசல் ஊற்றும் வண்டியில் அதை நிறுத்திவிட்டு ஓட்ட மேப் கேட்கிறவர்களுக்கு, டி.பி.எஃப். கேள்விக்குச் சொன்ன பதில்தான்.

"ஊட்டிக்குப் போனா ட்யூன் பண்ண வண்டி என்னாகும்?"

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்குதான். டர்போ இல்லாத வண்டி அந்த அளவுக்குச் சோர்ந்துபோகும். டர்போ வண்டி தெரியாமல் சமாளிக்கும், ஆனால் அதே அழுத்தம் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். ஆலை மேப்பில் உயரம் ஏற ஏற அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு தனி அட்டவணை இருக்கும். பவர் வேண்டும் என்று அதையும் சேர்த்துத் தட்டிவிட்ட மேப் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் கேள்வியில் சொன்ன மிச்சம் இது மாதிரி இடத்துக்குத்தான். உள்ளே வரும் காற்று சூடாகும்போது குறைக்கும் அட்டவணைக்கும் இதே பேச்சு. குளிர் நாட்டுக்கென்று எழுதிய கோப்பை அப்படியே இங்கே ஏற்றினால் முதல் பலி அந்த அட்டவணையின் பாதுகாப்புதான்.

"டைனோ ஷீட் காட்டுனா நம்பலாமா?"

டைனோ என்பது சக்கரத்தை உருளையின் மேல் ஓடவிட்டுப் பவரை அளக்கும் இயந்திரம். ஒரே டைனோவில், ஒரே நாளில், ரீமேப்புக்கு முன்னும் பின்னும் எடுத்தால் நம்பலாம். டைனோ அளப்பது சக்கரத்தில் வரும் பவரை. இன்ஜின் பவர் என்று எழுதியிருப்பது இடையில் கியர்பாக்ஸில் போன இழப்பைக் கணக்கில் கூட்டிச் சொல்வது. ஒரு டைனோவின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டாம். டைனோ இல்லாத ஊரில் நான் கேட்பது ஓட்டப் பதிவு. இசியூ கேட்ட டர்போ அழுத்தமும் உண்மையில் வந்த அழுத்தமும் ஒன்றின் மேல் ஒன்று படிகிறதா என்று லேப்டாப்பில் காட்டச் சொல்லுங்கள். கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்று கோடுகள் பிரிந்து கிடந்தால் வேலை முடியவில்லை.

"வாரண்டி, இன்சூரன்ஸ், ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா?"

வாரண்டியில் இருக்கும் வண்டிக்குச் செய்ய வேண்டாம். பழைய கோப்பைத் திரும்ப ஏற்றிவிட்டால் தெரியாது என்பார்கள். பல இசியூக்கள் எத்தனை முறை எழுதப்பட்டது என்று எண்ணி வைத்திருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தைத் தெரிவிக்காவிட்டால் க்ளெய்ம் நேரத்தில் மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைக்கும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. புகைச் சான்றிதழில் தேறாத வண்டி தனிக் குற்றம். ரீமேப்புக்கு அரசு அங்கீகாரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

"யார்கிட்ட குடுக்கிறது? நெட்ல ஃப்ரீயா ஃபைல் கிடைக்குதே, நானே ஏத்திக்கலாமா?"

வேண்டாம். ஒரே மாடலில் ஒரே வருடத்தில்கூட இசியூவின் சாஃப்ட்வேர் எண் மாறும். பொருந்தாத கோப்பை ஏற்றினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி இறங்கினாலும் அதே கதிதான். முழு நேரமும் மின்னழுத்தம் இறங்காமல் பிடிக்கும் சார்ஜர் மாட்டாமல் ஒருவர் உங்கள் வண்டியில் கை வைத்தால் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

நல்ல ட்யூனர் முதலில் உங்கள் வண்டியை ஓட்டிப் பார்ப்பார், ஸ்கேனரில் பழைய பிழைகளைப் படிப்பார், உங்கள் வண்டியின் அசல் கோப்பை எடுத்து வைத்துவிட்டுத்தான் எழுதுவார். எந்த எண்ணை எவ்வளவு மாற்றினார் என்று கேட்டால் புரியும்படி சொல்வார். "அரை மணி நேரத்தில் முடிச்சுக் குடுத்துடறேன்" என்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

"பண்ணிட்டேன். இனிமே என்ன கவனிக்கணும்?"

ஆயிலை 10,000-க்குப் பதில் 7,500 கிலோமீட்டரில் மாற்றுங்கள், கையேட்டில் சொன்ன தரத்திலேயே. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மிதிக்க வேண்டாம், ஆயில் சூடாகப் பத்து நிமிடமாவது ஆகும். மலை ஏறி முடித்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். கம்பெனி சர்வீஸுக்கு விடும்போது இசியூ அப்டேட் போட வேண்டாம் என்று சொல்லுங்கள், போட்டால் உங்கள் மேப் அழிந்துவிடும்.

"விக்கும்போது வாங்குறவர்கிட்ட சொல்லணுமா?"

கட்டாயம் சொல்ல வேண்டும். அசல் கோப்பைத் திரும்ப ஏற்றிவிட்டால் எண்கள் பழையபடி ஆகும், ஆனால் அதுவரை தேய்ந்த கிளட்சும் டர்போவும் பழையபடி ஆகாது. வாங்குகிறவர் குடும்பத்தோடு மலை ஏறப்போகிறவராக இருக்கலாம். எந்தத் தேதியில் செய்தீர்கள், எத்தனை கிலோமீட்டரில், கிளட்ச் எப்போது மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, சர்வீஸ் பில்லோடும் அசல் கோப்பு இருக்கும் பென் டிரைவோடும் சேர்த்துக் கொடுங்கள். அப்படி ஒரு கவரோடு வந்த வண்டி ஒன்று போன மாதம் பட்டறைக்கு வந்தது. புதிதாக வாங்கியவர் மைலேஜ் மட்டும் போதும் என்றார். பென் டிரைவிலிருந்து அசல் கோப்பை ஏற்றி அனுப்பினேன்.